வீணை வாசித்த பொட்டு

1. டாக்டர் கேட்ட கேள்வி

“எவ்வளவு நாளா இப்படி சொறியறா?” என்று டாக்டர் கேட்டார்.

ஸ்டீல் மேசை மேல் பொட்டு நின்றிருந்தாள். அவள் நழுவாமல் நான் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தேன். எதிரே அவளை வளர்க்கும் சுமதி மேடம் நின்றிருந்தார்.

“ரெண்டு மூணு வாரமா இருக்கும் டாக்டர்” என்றார் மேடம்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நாயை வாரத்தில் மூன்று நாள் முழுக்க வைத்திருப்பவன் நான் என்று மேடம் சொல்லியிருந்தார். “நீங்க சொல்லுங்க. கரெக்டா?”

எட்டு மாதம் என்று எனக்குத் தெரியும். எந்த நாளில் தொடங்கியது என்றுகூடத் தெரியும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினேன். அந்த ஆட்டலை ஆமாம் என்று டாக்டர் எடுத்துக்கொண்டார். காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். கொஞ்சம் அழுக்கு இருந்தது. காதில்தான் தொந்தரவு என்று பத்து நாளைக்குச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

நாய்களைக் குளிப்பாட்டி, முடி சீவி, நகம் வெட்டி, காது துடைக்கும் க்ரூமிங் வேலையில் பதினோரு வருடம் ஆகிறது எனக்கு. இந்த வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக அனுபவம் எழுதித் தரும்படி, க்ரூமிங் சொல்லித் தரும் ஓர் இடத்தில் கேட்டார்கள். ஐந்தாவது வரை படித்தவன் நான். நன்றாகச் செய்ததை எழுத நிறையப் பேர் இருப்பார்கள். அந்தத் தலையாட்டலை எழுதலாம் என்று தோன்றியது.

2. கண்ணாடிக்குப் பின்னால்

இந்த வேலைக்கு வருவதற்கு முன் நான் திருக்கழுக்குன்றத்துப் பக்கம் எங்கள் ஊரில் லோடு ஆட்டோ ஓட்டினேன். அது சரிப்படவில்லை. நாவலூரில் சேகர் என்பவர் நாய்க் கடை திறந்தபோது மூட்டை இறக்கப் போனேன். ஒரு லேப்ரடார் குளிக்க அடம்பிடித்தது. நான் பிடித்ததும் நின்றது. “அண்ணாத்த, நீ இங்கியே இருந்துடு” என்றார் ஓனர். இருந்துவிட்டேன்.

கடையில் க்ரூமிங் ரூமுக்கு முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. நாயை அடிக்கிறோமா, கொஞ்சுகிறோமா என்று கஸ்டமர் பார்க்க வேண்டுமே. எனக்கு அந்தக் கண்ணாடிதான் எதிரி. யாராவது என்னைப் பார்த்தால் எங்கே பார்ப்பது என்று தெரியாது. சிரித்தால் பதிலுக்குச் சிரிக்கத் தெரியாது. முதுகைக் காட்டிக்கொண்டே வேலை செய்வேன்.

“இன்னா கோதண்டம், கஸ்டமர் ஏதோ கேக்குறாங்க, நீ செவுத்தப் பாத்துகினு நிக்கிற? செவுரா டப்பு குடுக்குது?” என்று ஓனர் திட்டுவார். நான் சீப்பைக் கழுவுவேன்.

சுமதி மேடம் பொட்டுவைக் கொண்டுவந்தது ஓர் ஆடி மாதத்தில். மேடத்துக்குச் சொந்த ஊர் மாமல்லபுரம். சிறுசேரியில் வேலை, நாவலூரில் தனியாக ஒரு ஃபிளாட். செவ்வாய், புதன், வியாழன் ஆபீஸ் போக வேண்டும். அந்த மூன்று நாளும் பொட்டு எங்கள் கடையில் இருப்பாள்.

வெள்ளை உடம்பில் செம்பழுப்புத் திட்டுகள். நெற்றியில் வெள்ளைக்கு நடுவில் பத்துப் பைசா அளவுக்கு அதே பழுப்பில் ஒரு வட்டம். அதனால்தான் பொட்டு. இரண்டு பக்கமும் தோள் வரை தொங்கும் காதுகள். காதிலும் கால்களுக்குப் பின்னாலும் வாலிலும் பட்டு நூல் மாதிரி நீள முடி. இதைத் தோகை என்று நான் சொல்வேன்.

“இது இன்னா ஜாதி மேடம்?” என்று கேட்டார் ஓனர்.

“கேவலியர். ஸ்பேனியல்லயே சின்னது.”

மேடம் போன பிறகு ஓனர் சிரித்தார். “கேவலியராம். பேரே கேவலமா கீதுபா. ஆனா மூஞ்சப் பாரேன், நம்ம சொத்தயே எழுதிக் கேக்கற மாறி கீது.”

மேடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். அதைப் படித்தும் நாளடைவில் பழகியும் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும்.

இந்த ஜாதி காவலுக்கு ஆகாது. திருடன் வந்தாலும் மடியில் ஏறிக்கொள்ளும். தனியாக இருக்கத் தெரியாது. ரூமுக்கு ரூம் நம் பின்னாலேயே வரும். கிடைத்ததையெல்லாம் தின்னும். விட்டால் குண்டாகிவிடும். குண்டானால் இருதயத்துக்குக் கெடுதல். இருதயம்தான் இவற்றின் பலவீனமான இடம். வயது ஏற ஏற டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நல்ல தூக்கத்தில் மூச்சை எண்ணிப் பாருங்கள். நிமிடத்துக்கு முப்பதைத் தாண்டியபடியே இருந்தால் காத்திருக்காதீர்கள். சித்திரை, வைகாசியில் காலை ஏழு மணிக்கு மேல் ரோட்டில் இறக்கக் கூடாது. முகம் குட்டை என்பதால் சூடு தாங்காது. தோகையை முதலில் கம்பிப் பல் வைத்த ‘பின் பிரஷ்’, அப்புறம் ஸ்டீல் சீப்பு என்று நுனியிலிருந்து வேருக்குப் போக வேண்டும். காதுக்குப் பின்னால்தான் முதலில் சடை விழும். அந்தச் சடையை இழுக்காமல் விரலால் பிரிக்க வேண்டும். வெயில் காலம் என்று மொட்டை அடித்துவிடாதீர்கள், தோகை திரும்ப அதே மாதிரி வராது. தண்ணீர் குடிக்கும்போது காது கிண்ணத்துக்குள் விழும். பழைய சாக்ஸின் மூடிய முனையை வெட்டிவிட்டு, மீதியைக் காதையும் சேர்த்துத் தலையில் மாட்டிவிட்டால் போதும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான குணம் ஒன்று உண்டு. அந்தத் தாளில் அது இல்லை. வலித்தாலும் இவை கடிக்காது. வாலை ஆட்டும். கையை நக்கும்.

3. வீணை

தீபாவளிக்கு முந்தின வாரம். கடையில் கூட்டம். கண்ணாடியில் ‘தீபாவளி ஆஃபர்’ என்று போர்டு தொங்கியது. பொட்டுவின் இடது காதுக்குப் பின்னால் சீப்பை வைத்தேன். கழுத்தும் தோளும் சேரும் இடம். உடனே அவள் தலையை ஒரு பக்கம் சாய்த்து, பின்னங்காலைத் தூக்கி, காற்றில் வேகமாகச் சொறிந்தாள். நகம் கழுத்தைத் தொடவே இல்லை. கழுத்துக்கு நாலு விரல் தள்ளிக் காற்றில் ஓடியது. கண்ணைப் பாதி மூடியிருந்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் சிரித்தார். “ஐயோ, வீணை வாசிக்கிற மாதிரியே இருக்கு! அண்ணா, இன்னொரு தடவ பண்ணச் சொல்லுங்களேன்.”

நான் மறுபடி சீப்பை வைத்தேன். பொட்டு மறுபடி வாசித்தாள். நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் என்னைப் பார்த்துக் கட்டை விரலைக் காட்டினார். நான் முதுகைத் திருப்பவில்லை. நானும் சிரித்தேன்.

அன்று முதல் அது என் வித்தை ஆனது. செவ்வாய், புதன், வியாழன் கூட்டம் இருந்தால் “வீணை, வீணை” என்று கேட்பார்கள். நான் பொட்டுவை மேசையில் ஏற்றி, கச்சேரிக்கு உட்காரும் வித்வான் மாதிரி நிதானமாகச் சீப்பைக் காட்டுவேன். பிறகு அந்த இடத்தைத் தொடுவேன். நான்கு வருடமாக என் பேர் தெரியாத கஸ்டமர்கள், “கோதண்டம் அண்ணா, பொட்டு வந்துட்டாளா?” என்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

ஓனர் வீடியோ எடுத்துக் கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டார். வீணைப் பாட்டு சேர்த்துப் போட்டார். எங்கெங்கோ இருந்து பார்த்தார்கள். சுமதி மேடமும் பார்த்துச் சிரித்தார். “எங்க ஃபேமிலி குரூப்ல போட்டேன்ண்ணா. எங்கப்பா பத்து தடவ பாத்துட்டாரு. உங்ககிட்ட விட்டா எனக்கு நிம்மதியா இருக்கு” என்றார். அந்த வார்த்தையை வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் சொன்னேன்.

இடையில் சிலது நடந்தது. தூக்கும்போது இரண்டு தடவை வீல் என்று கத்தினாள். நகம் பட்டிருக்கும் என்று நினைத்தேன். மேசைக்கு வைத்திருந்த படியில் ஏற மறுத்தாள். கொழுப்பு என்று நினைத்தேன். கழுத்துப் பட்டை போட்டால் வீணை அதிகமாகும். தரையில் தலை வைத்துப் படுக்க மாட்டாள். வாளி விளிம்பில், மேசைக் காலில், பெரும்பாலும் என் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுப்பாள். என் மேல் பாசம் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு அவளுக்காகக் காலை அசைக்காமல் நிற்பேன்.

4. சொட்டு மருந்து

ஜூன் மாதத்தில் மேடம் வீட்டிலும் அவள் சொறிய ஆரம்பித்தாள். யாரும் தொடாமலே. அதுவரை கடையில் என் சீப்புக்கு மட்டும் நடந்தது, இப்போது நடக்கும்போதும் சாப்பிடும்போதும் நடந்தது. அதனால்தான் மேடத்துக்கு அது மூன்று வாரத்து விஷயம். டாக்டரிடம் போகும்போது, “நீங்க பிடிச்சா அவ அமைதியா இருப்பா” என்று என்னையும் கூட்டிப் போனார்.

கடை நாட்களில் சொட்டு மருந்து போடும் வேலை என்னுடையது. காதைத் தூக்கி, தலையைச் சாய்த்து, மருந்து விட்டு, காதின் அடிப்பக்கத்தைப் பிசைய வேண்டும். ஒவ்வொரு தடவையும் நடுங்குவாள். முடிந்ததும் என் கையை நக்குவாள்.

கடைசித் தடவை, தலையைச் சாய்த்தபோது அவள் போட்ட சத்தத்தை நான் அதுவரை எந்த நாயிடமும் கேட்டதில்லை. குழந்தை அழுகிற மாதிரி. ஓனர் முன்பக்கத்திலிருந்து ஓடிவந்தார்.

அவளைக் கீழே விட்டுவிட்டுக் கையில் இருந்த பஞ்சைப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது. காது சுத்தமாக இருந்தது. அப்போதுதான் என் தொழில் எனக்கு ஞாபகம் வந்தது. காது அரிக்கிற நாயை நூறு பார்த்திருக்கிறேன். நகத்தால் பிறாண்டிப் பிறாண்டிக் கழுத்து முடி ஒடிந்திருக்கும், தோல் சிவந்து புண்ணாகியிருக்கும். பொட்டுவின் கழுத்தில் ஒரு முடிகூட ஒடியவில்லை. அந்தத் தோகையைச் சீவிச் சீவிப் பெருமைப்பட்டவன் நான். எட்டு மாதமாகச் சொறிகிற நாய்க்குக் கழுத்தில் ஒரு கீறல்கூட இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். அது அரிப்பு இல்லை. தோலுக்கு உள்ளே எங்கேயோ இருக்கிற ஒன்று. அவளால் தொட முடியாத இடத்தில் இருக்கிற ஒன்று.

ஓனரிடம் சொன்னேன். “சார், இது தீபாவளிலேர்ந்து கீது. நம்ம வீடியோல இருக்கறதே இதான். டாக்டருகிட்ட சொல்லணும்.”

“சொல்லி? எட்டு மாசமா வலியில இருந்த நாய வெச்சி நாங்க சர்க்கஸ் காட்னோம்னு சொல்லப் போறியா? கடைக்குப் பேஜாரு ஆயிடும். நீ டாக்டரா? கம்முனு கெட அண்ணாத்த.”

கம்மென்று கிடந்தேன். ஓனர் மேல் பழி போட முடியாது. வேலை போய்விடும் என்ற பயம் கொஞ்சம்தான். மேடம் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடுமே என்ற பயம்தான் அதிகம்.

அன்று சாயங்காலம் பொட்டுவைக் காரில் ஏற்றப் போனேன். மேடத்தின் முகம் வாடியிருந்தது. “ராத்திரில தூங்கறதே இல்லண்ணா. நான் ஏதோ அடம் பண்றான்னு நெனச்சு நேத்து கத்திட்டேன். மூலைல போய் உக்காந்துக்கிட்டா” என்றார்.

சொல்வதற்கு வாய் திறந்தேன். “பெல்ட் டைட்டா இருக்கு மேடம்” என்று சொல்லி, கழுத்துப் பட்டையைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகும் இரண்டு நாள் சொல்லவில்லை. அந்த இரண்டு நாளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

5. யார் சிரிக்கிறது?

மறுபடி காட்ட வேண்டிய நாளில் கிளினிக்குக்கு நானும் போனேன். டாக்டர் காதைப் பார்த்தார். “காது நல்லா இருக்கே. மூணு வாரம்னு சொன்னதால காதுதான்னு நெனச்சேன். பின்ன ஏன் இப்படி?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். வேறு மருந்து எழுதப் பேனாவை எடுத்தார்.

போனை எடுத்து அந்த வீடியோவை வைத்து டாக்டர் முன்னால் நீட்டினேன்.

அவர் பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார். இரண்டாம் தடவை பார்த்தார். மூன்றாம் தடவை போனைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. பாட்டு இல்லாமல் அதை நானும் அன்றுதான் பார்த்தேன். பொட்டுவின் கண் பாதி மூடியிருந்தது இன்பத்தில் இல்லை. அது எந்த மனிதனுக்கும் தெரியக்கூடிய முகம். தலைவலி வந்தவன் முகம்.

“பின்னாடி தீபாவளி போர்டு தெரியுது. அப்ப எடுத்ததா?”

“ஆமா சார்.”

“தோள்ல தொடறது யாரு?”

“நான் சார்.”

“தெரிஞ்சே அந்த எடத்தத் தொடறீங்களா?”

“தொட்டா பண்ணும் சார். ஜனங்க சிரிப்பாங்கனு.”

“ஓரத்துல பாதி வாய் தெரியுதே, சிரிக்கிறது யாரு?”

“அதுவும் நான்தான் சார்.”

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேடத்தின் பக்கம் திரும்பி, இந்த ஜாதியில் சில நாய்களுக்கு மண்டை ஓடு சின்னதாக இருக்கும், மூளைக்கு இடம் போதாது, அதனால் கழுத்துத் தண்டுவடத்துக்குள் நீர் கட்டும் என்று விளக்கினார். காற்றில் சொறிவது அதன் அடையாளம். தலையை உயரத்தில் வைத்துப் படுப்பது, தூக்கினால் கத்துவது, கழுத்துப் பட்டையை வெறுப்பது எல்லாமே அதுதான். சென்னைக்கு ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்.

உயரத்தில் வைத்துப் படுப்பது என்று அவர் சொன்னபோது என் பாதத்தைப் பார்த்தேன்.

வெளியே வந்ததும் மேடம் காரைத் திறக்காமல் நின்றார். “அன்னைக்கு டாக்டர் கேட்டப்ப நீங்க தலைய ஆட்டுனீங்களே அண்ணா.”

“ஆமா மேடம்.”

“நானும்தான் வீடியோ பாத்துச் சிரிச்சேன். அதுல நமக்குள்ள வித்தியாசம் இல்ல. ஆனா அந்தத் தலையாட்டல்... பத்து நாள் அவ காதப் புடிச்சு முறுக்கி மருந்து விட்டோம்.”

மேடம் பொட்டுவை வாங்கிக்கொண்டார். மேடத்தின் தோளுக்கு மேலாக அவள் என்னைப் பார்த்து வாலை ஆட்டினாள்.

ஸ்கேனில் டாக்டர் சொன்னதே இருந்தது. ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவு செய்து நரம்பு வலிக்கான மாத்திரை தொடங்கினார்கள். உயிரோடு இருக்கும் வரை மாத்திரை. முன்பே பார்த்திருந்தால் நோய் வராமல் இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். ஆனால் எட்டு மாத வலியைக் குறைத்திருக்கலாம். அதையும் அவரே சொன்னார்.

பொட்டு கடைக்கு வருவது நின்றது. கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்திலிருந்து வீடியோவை நீக்கும்படி ஓனரிடம் கேட்டேன். “அதான்பா நம்ம கடைக்கே அடையாளம்” என்றார். ஒவ்வொரு நாளும் கேட்டேன். அவ்வளவு பேசுகிறவனா நான் என்று அவருக்கே ஆச்சரியம். மூன்றாவது வாரம் எரிச்சலில் நீக்கிவிட்டார். அடுத்த மாதம் நானும் அங்கிருந்து விலகினேன். யாரும் அனுப்பவில்லை. அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நிற்க முடியவில்லை.

6. என் கை

இப்போது என்னிடம் ஒரு பழைய ஆம்னி வேன் இருக்கிறது. தண்ணீர் டேங்க், டிரையர், மடக்கு மேசை. செங்கல்பட்டு, அணுபுரம், மாமல்லபுரம் என்று வீடு வீடாகப் போய்ச் செய்கிறேன். நாய் அசையாமல் நிற்கக் கழுத்தில் மாட்டும் கயிற்று லூப்பை என் மேசையிலிருந்து கழற்றி எறிந்துவிட்டேன். கேவலியருக்கு மார்பு பெல்ட்தான் போட வேண்டும் என்று கேட்காமலே சொல்கிறேன். கடற்கரைக்குப் போய் வந்தால் தோகைக்குள் நெருஞ்சி முள்ளும் மணலும் தேடுகிறேன். கழுத்துப் பக்கம் சீப்பு போனால் சீப்பைப் பார்ப்பதில்லை, நாயின் கண்ணைப் பார்க்கிறேன்.

கடையின் பக்கத்திலிருந்து நீக்கினாலும் அந்த வீடியோ சாகவில்லை. யார் யாரோ இறக்கி வைத்திருக்கிறார்கள். வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது எனக்கே காட்டுகிறார்கள். போன மாதம் அணுபுரத்தில் ஒரு அம்மா, அவருடைய ஷிட்சூ நாய்க்கு நான் நகம் வெட்டும்போது போனை நீட்டினார்.

“இதப் பாத்தீங்களா? வீணை வாசிக்கிது பாருங்க! எங்க வீட்டுக்காரர் ஆபீஸ்ல அனுப்பிச்சாங்க.”

நகவெட்டியைக் கீழே வைத்தேன். “அது வாசிக்கலம்மா. அதுக்குக் கழுத்துல வலி. அந்தக் கை என்னுது” என்றேன்.

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. என் கையைப் பார்த்தார். கைக்குள் இருந்த தன் நாயைப் பார்த்தார். என் கையிலிருந்து நாயை வாங்கிவிடுவாரோ என்று நினைத்தேன். வாங்கவில்லை. ஆனால் மீதி நகத்தை நான் வெட்டி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றார். அப்படி நிற்பதுதான் சரி.

எனக்கு இன்னும் கூட்டத்தில் பேச வராது. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் தடுமாறாமல் சொல்லப் பழகியிருக்கிறேன்.

புதிதாக வந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஒரு நாய் நீங்கள் கற்றுக்கொடுக்காத ஒன்றை, தொட்டால் ஒவ்வொரு தடவையும் செய்தால், அது வித்தை இல்லை. தொடுவதை நிறுத்துங்கள். டாக்டர் எவ்வளவு நாளாக என்று கேட்டால் சரியான நாளைச் சொல்லுங்கள். நாயால் சொல்ல முடியாத ஒரே விஷயம் அது. உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

நான் கடையை விட்டு விலகி ஒரு வருடம் கழித்து சுமதி மேடம் கூப்பிட்டார். வீட்டிலிருந்தே வேலை என்று மாமல்லபுரத்தில் அப்பா அம்மாவோடு வந்துவிட்டாராம். “வேற ரெண்டு பேர வெச்சுப் பாத்தேன். அவ நடுங்கறா. நீங்க வாங்க. நான் பக்கத்துல இருப்பேன்” என்றார்.

மாதம் இரண்டு தடவை போகிறேன். மேடம் நாற்காலி போட்டு எதிரே உட்காருவார். முன்பு போல அதிகம் பேசுவதில்லை. பொட்டுவுக்கு முகம் நரைத்துவிட்டது. மாத்திரையில் காலம் ஓடுகிறது. இடது தோளை நான் விரல் நுனியால்கூடத் தொடுவதில்லை. அந்தப் பக்கத்துத் தோகை கொஞ்சம் சடை விழுந்தே இருக்கிறது.

வேலை முடிந்து வாளியைக் கழுவும்போது அவள் மெல்ல வந்து என் பாதத்தின் மேல் தாடையை வைப்பாள். நான் குனிந்து, துண்டை நாலாக மடித்து, அவள் தலைக்கு அடியில் வைத்துவிட்டுக் காலை மெதுவாக எடுப்பேன். சில நாள் துண்டிலேயே படுத்துக்கொள்வாள். சில நாள் துண்டை விட்டுவிட்டு மறுபடி என் காலுக்கு வருவாள்.

அப்படி வரும் நாளில் அவள் எழும் வரை நான் அசைவதில்லை.